லஃனத்: ஏச்சா, துஆவா, தீர்ப்பா?



எமது வீடுகளில் காலையிலிருந்து இரவு வரை "லஃனத்" என்ற சொல் எத்தனை தடவை வாயிலிருந்து விழுகிறது என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் லஃனத். காயப்போட்ட நெல்லைக் கோழி கிளறினால் லஃனத். கரண்ட் நின்றால் லஃனத். பிள்ளை பாடசாலைச் சீருடையைச் சேறாக்கிக்கொண்டு வந்தால் "லானத்துப் புடிச்சது" என்று அதற்கு ஒரு பட்டம். உம்மாவின் வாயில் மட்டுமல்ல, ஆட்டோ ஸ்டார்ட் ஆகாத வாப்பாவின் வாயிலும், கரம் விளையாட்டில் தோற்ற நானாவின் வாயிலும் அதே சொல்தான்.

பரக்கத், நஸீப், ஹயாத், மவ்த், முஸீபத் என்று எத்தனையோ அரபுச் சொற்கள் எமது பேச்சுத் தமிழோடு கலந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை அரபியில் என்ன பொருளைத் தருகின்றனவோ, கிட்டத்தட்ட அதே பொருளையே எமது வாயிலும் தருகின்றன. லஃனத் அப்படியல்ல. அரபியிலேயே அது பல பொருள் கொண்ட சொல். சொல்பவர் யார், சொல்லப்படுபவர் யார் என்பதற்கேற்ப அதன் கனம் மாறும். இந்த வேறுபாடு விளங்காமல் நாம் அதை உபயோகிக்கும்போது, ஒருவர் வெறும் ஏச்சாகச் சொன்னதை மற்றவர் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதனை நான் எழுத நேர்ந்ததற்கு ஒரு துண்டுக் கடதாசி காரணம். நான் இஸ்லாம் பாடம் கற்பிக்கும் பெண்பிள்ளைகளின் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. எழுந்து நின்று கேட்க வெட்கப்படும் கேள்விகளைப் பெயர் எழுதாமல் ஒரு துண்டில் எழுதி, மேசையிலுள்ள பெட்டியில் போடலாம். வியாழக்கிழமைகளில் அவற்றை எடுத்து விடை சொல்வேன். பெரும்பாலும் வுழூ, கழா நோன்பு, நகப்பூச்சு பற்றிய கேள்விகளே இருக்கும். ஒரு வியாழக்கிழமை, நான்காக மடித்த துண்டொன்றில் ஒரே ஒரு வரி இருந்தது. லஃனத்துப் பட்டவர்கள் தொழுதால் அந்தத் தொழுகை கூடுமா என்பதே அந்தக் கேள்வி.

முப்பது பிள்ளைகளில் அது யாருடைய எழுத்து என்று நான் தேடவில்லை. அப்படித் தேடினால் பிறகு ஒரு பிள்ளையும் அந்தப் பெட்டியை நம்பாது. ஆனால் கேள்விக்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்பது விளங்கியது. வீட்டில் யாரோ ஒருவர் கோபத்தில் அந்தப் பிள்ளையைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார். சொன்னவர் அடுத்த நிமிடமே அதை மறந்து, பகலுக்குக் கறி ஆக்கப் போயிருப்பார். கேட்டவள் மறக்கவில்லை. லஃனத்துக்கு உரியவன் இப்லீஸ் என்று அவள் பாடத்தில் படித்திருக்கிறாள். அப்படியானால் நானும் அவனோடு சேர்ந்தவள்தானா, இனி நான் ஸுஜூது செய்து என்ன பயன் என்று அந்தப் பிஞ்சு மனம் கணக்குப் போட்டிருக்கிறது.

ஒரு சொல்லின் பொருளை விளங்காததால் ஒரு பிள்ளையின் தொழுகையே ஆட்டம் காணலாம், சகோதரிகளே. எனவே அந்தச் சொல்லின் வேரிலிருந்தே ஆரம்பிப்போம்.

சொல்லின் வேர்

"லஅன" என்ற அரபு வினைச்சொல்லின் வேர்ப்பொருள் விரட்டுதல், தூரமாக்குதல் என்பதாகும். அரபுச் சொற்களின் வேர்களை ஆராய்ந்த இமாம் இப்னு ஃபாரிஸ் (மரணம் ஹி. 395) இந்த வேருக்கு இந்தக் கருத்தையே கொடுத்திருக்கிறார். "லிஸானுல் அரப்" என்ற பேரகராதியைத் தொகுத்த இப்னு மன்ழூர் (மரணம் ஹி. 711, கி.பி. 1311), நன்மையை விட்டும் விரட்டித் தூரமாக்குதல் என்று அதனை விளக்குகிறார்.

பழைய அரபிகளின் வாழ்க்கையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு கோத்திரத்தில் ஒருவன் அடங்காமல் திரிந்தால், அவன் செய்யும் குற்றங்களின் பழி தம்மீது வந்துவிடக் கூடாது என்று கோத்திரத்தார் அவனைத் துரத்திவிடுவார்கள். அவன் அந்தக் கோத்திரத்தின் "லஈன்" எனப்பட்டான். பாலைவனத்தில் கோத்திரத்தை இழந்தவன் பாதுகாப்பையும் இழந்துவிடுவான். அதேபோல, பயிரை அழிக்க வரும் மிருகங்களை விரட்ட மனித உருவத்தில் ஒன்றைச் செய்து வயல் நடுவே நிறுத்துவார்கள். அதற்கும் அரபியில் லஈன் என்று ஒரு பெயர் இருந்தது. எமது வயற்காரர்கள் அதனை வெருளி என்பார்கள். தலை, கை, சட்டை எல்லாம் இருக்கும். ஆனால் எதுவும் அதன் கிட்டே வராது. அரபிகள் எவ்வளவு கனமான சொல்லாக இதைக் கருதினார்கள் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. இஸ்லாத்துக்கு முந்திய காலத்தில் அவர்கள் தமது அரசர்களுக்கு முகமன் கூறும்போது "அபய்த்தல் லஃன" என்பார்கள். லஃனத்துக்கு இடமான காரியத்தைச் செய்ய மறுத்தவர் நீர் என்பது அதன் கருத்து.

தமிழில் நாம் இதைச் "சாபம்" என்று மொழிபெயர்க்கிறோம். அதைவிடப் பொருத்தமான சொல் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் சாபம் என்ற தமிழ்ச் சொல் தன்னோடு வேறொரு எண்ணத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. புராணக் கதைகளில் ஒரு முனிவர் கோபித்து ஒரு வார்த்தை சொன்னால் அது அப்படியே பலித்துவிடும். அங்கே சக்தி அந்த வார்த்தையிலேயே இருக்கிறது. "சாபம் பலிக்கும்" என்று ஊரில் சொல்வது அந்த எண்ணத்தில்தான். எமது பெண்கள் பலரும் லஃனத்தை இந்தக் கண்ணோடு பார்க்கிறார்கள். வாயிலிருந்து விழுந்துவிட்டால் போதும், அது போய் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறார்கள். எமது அகீதாவிலோ, எந்த மனிதனின் வார்த்தைக்கும் அப்படியான சுயசக்தி கிடையாது. அல்லாஹ் நாடினாலன்றி ஒரு சொல்லால் ஒருவருக்கும் நன்மையோ தீமையோ ஏற்படாது.

மூன்று பொருள்கள்

அல்குர்ஆனின் சொற்களுக்கு விளக்கம் எழுதிய இமாம் ராகிப் அல் இஸ்ஃபஹானி, இந்தச் சொல்லைச் சொல்பவரைப் பொறுத்து அதன் பொருளைப் பிரித்துக் காட்டுகிறார். அல்லாஹ்விடமிருந்து வரும் லஃனத் என்றால், மறுமையில் தண்டனையும், இம்மையில் அவனுடைய ரஹ்மத்தும் தவ்ஃபீக்கும் கிடைக்காமல் துண்டிக்கப்படுவதுமாகும். மனிதனிடமிருந்து வரும் லஃனத் என்றால், அது இன்னொருவருக்கு எதிராகக் கேட்கும் துஆவாகும்.

ஆக, முதலாவது பொருள் தீர்ப்பு. அது அல்லாஹ்வுக்கு மாத்திரம் உரியது. ஒருவன் ரஹ்மத்தை விட்டும் தூரமாகிவிட்டானா என்பது அந்த ரஹ்மத்தின் சொந்தக்காரனுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது பொருள் துஆ. நாம் "பத்துஆ" என்று சொல்வது இதைத்தான். துஆ என்பது கேட்பதே தவிர, கொடுப்பதல்ல. பெட்டிசம் எழுதிப் போடுபவர் நீதவானாகிவிட மாட்டார். பெட்டிசத்தில் எழுதியதெல்லாம் உண்மையாகவும் இருக்காது. அதைப் பார்த்துத் தீர்மானிக்கிறவன் வேறு.

மூன்றாவது பொருள் ஏச்சு, பழிப்பு. இதற்கு ஹதீஸிலேயே ஆதாரம் இருக்கிறது. ஒருவன் தன் பெற்றோரை லஃனத் செய்வது பெரும் பாவங்களில் மிகப் பெரியது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, ஸஹாபாக்கள் ஆச்சரியப்பட்டு, ஒருவன் தன் பெற்றோரை எப்படி லஃனத் செய்வான் என்று கேட்டார்கள். அவன் இன்னொருவரின் தந்தையை ஏசுவான், அவர் திருப்பி இவனுடைய தந்தையையும் தாயையும் ஏசுவார் என்று நபியவர்கள் விளக்கினார்கள். இது புஹாரியில் பதிவாகியுள்ளது. இங்கே லஃனத் என்ற சொல் ஏச்சு என்ற பொருளில் வந்திருப்பதைக் கவனியுங்கள். அதேபோல, மனிதர்கள் நடமாடும் பாதையிலும் அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் மலசலம் கழிப்பதை, லஃனத்தை வாங்கித் தரும் இரு காரியங்கள் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். முஸ்லிமில் வரும் ஹதீஸ் இது. அந்த வழியால் வருபவர்கள் முகஞ்சுளித்துத் திட்டுவார்கள் அல்லவா, அந்தத் திட்டுதான் இங்கே லஃனத் எனப்படுகிறது. சந்தியில் குப்பைப் பையைக் கட்டிப் போட்டுவிட்டு வருகிறவர்கள் இந்த ஹதீஸைத் தமக்கும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

காரியம் வேறு, ஆள் வேறு

"அல்குர்ஆனிலும் ஹதீஸிலும் எத்தனையோ பேருக்கு லஃனத் சொல்லப்பட்டிருக்கிறதே மௌலவி, நாங்க சொன்னா மட்டும் ஏன் கூடாது?" என்று ஒரு சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. விடை, அங்கே யாருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. அநியாயக்காரர்கள் மீது, பொய்யர்கள் மீது, வட்டி உண்பவர் மீது என்று ஒரு காரியத்தைச் செய்யும் கூட்டமே பொதுவாகக் கண்டிக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பாதையில் போகாதீர்கள், இது ரஹ்மத்தை விட்டும் தூரமாக்கும் பாதை என்ற அறிவிப்புப் பலகை அது. பலகையைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கழுத்தில் மாட்டுவதற்கு எமக்கு அனுமதியில்லை.

மதுவைப் பாருங்கள். மதுவோடு தொடர்புடைய பத்து வகையினரை நபி (ஸல்) அவர்கள் லஃனத் செய்ததாகத் திர்மிதியில் ஹதீஸ் இருக்கிறது. குடிப்பவனும் அதில் அடக்கம். அதே நபியவர்களின் காலத்தில் அப்துல்லாஹ் என்று ஒருவர் இருந்தார். "ஹிமார்" என்று பட்டப்பெயர். நபியவர்களைச் சிரிக்க வைப்பவர். ஆனால் குடிப்பழக்கத்தை விட முடியாமல் அடிக்கடி தண்டனைக்குக் கொண்டுவரப்படுவார். ஒரு தடவை அவருக்குத் தண்டனை கொடுக்கப்பட்டபோது, எத்தனை தடவைதான் இவனைக் கொண்டுவருவது, இவனுக்கு அல்லாஹ்வின் லஃனத் உண்டாகட்டும் என்று ஒருவர் சொன்னார். நபியவர்கள் உடனே தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்பதை நான் அறிவேன் என்று சத்தியமிட்டுச் சொன்னார்கள். உமர் (ரழி) அவர்கள் அறிவித்து புஹாரியில் பதிவான சம்பவம் இது. அவருக்குத் தண்டனை நிறுத்தப்படவில்லை. குடி ஹலாலாகிவிடவும் இல்லை. ஆனால் அவர் தலைமீது அந்தச் சொல்லை வைக்க இடம் கொடுக்கப்படவில்லை.

அரபுக் கல்லூரிகளில் ஓதிக்கொடுக்கப்படும் "ரியாழுஸ் ஸாலிஹீன்" நூலில் இமாம் நவவி (மரணம் ஹி. 676) இதனை இரண்டு பாடங்களாகவே பிரித்து வைத்திருக்கிறார். ஒன்று, குறிப்பிட்ட மனிதரையோ மிருகத்தையோ லஃனத் செய்வது ஹராம் என்ற பாடம். அதற்கடுத்தது, ஆளைக் குறிப்பிடாமல் பாவம் செய்வோரைப் பொதுவாக லஃனத் செய்வது ஆகும் என்ற பாடம். இமாம் கஸ்ஸாலி (மரணம் ஹி. 505) "இஹ்யா"வில் நாவின் ஆபத்துக்களை எண்ணும்போது லஃனத்தை எட்டாவதாக வைத்துள்ளார். குறிப்பிட்ட ஆளை லஃனத் செய்வதில் ஆபத்து இருக்கிறது, இப்லீஸைக்கூட லஃனத் செய்யாமல் மௌனமாக இருந்துவிட்டால் அதில் ஓர் ஆபத்தும் இல்லை, அப்படியிருக்க மற்றவர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா என்ற கருத்தை அவர் அங்கே எழுதுகிறார். அதற்கு அவர் காட்டும் காரணம் எளியது. இன்று கெட்டவனாக இருப்பவன் நாளை தவ்பாச் செய்துவிடக்கூடும்.

நுண்கடன் எடுத்துத் தவிக்கும் பெண்களைப் பற்றி எமது ஊர்களில் கதைக்கும் விதத்தையும் இங்கே நினைவூட்ட வேண்டும். வட்டி உண்பவர், கொடுப்பவர், எழுதுபவர், இரு சாட்சிகள் ஆகியோர் பற்றிய ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. வட்டி எவ்வளவு பாரதூரமானது என்பதை அது காட்டுகிறது. அதில் எள்ளளவும் தளர்வில்லை. ஆனால் கணவனும் இல்லாமல் கையில் காசும் இல்லாமல் பிள்ளைகளோடு நிற்கும் ஒருத்தியை "லஃனத்துப் பட்டவள்" என்று கைகாட்ட அந்த ஹதீஸ் இறங்கவில்லை. அவளுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்க முன்வருவதே அந்த ஹதீஸைச் சரியாக விளங்கியவரின் செயல்.

தன் தலைமீதே விழும் லஃனத்

ஷரீஅத்தில் லஃனத் என்ற சொல்லைச் சட்டப்படி உச்சரிக்கும் ஓர் இடம் உண்டு. அதுதான் "லிஆன்". கணவன் தன் மனைவி மீது விபச்சாரக் குற்றம் சுமத்துகிறான், ஆனால் அவனைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஸூரத்துந் நூர் 6 முதல் 9 வரையான வசனங்கள் இதற்கான முறையைச் சொல்கின்றன. அவன் நான்கு தடவை அல்லாஹ்வைச் சாட்சியாக்கிச் சொல்ல வேண்டும். ஐந்தாவது தடவை, தான் பொய்யனாக இருந்தால் அல்லாஹ்வின் லஃனத் தன்மீதே உண்டாகட்டும் என்று சொல்ல வேண்டும். அவள் அதை மறுத்து நான்கு தடவை சாட்சி சொல்லி, அவன் உண்மையாளனாக இருந்தால் அல்லாஹ்வின் கோபம் தன்மீது உண்டாகட்டும் என்று ஐந்தாவதாகச் சொல்வாள்.

சகோதரிகளே, இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். ஒரு கணவன் ஒரு மனைவியைப் பற்றிச் சொல்லக்கூடிய குற்றச்சாட்டுக்களில் இதைவிடக் கொடியது இல்லை. அந்த இடத்தில்கூட, அவள்மீது லஃனத் உண்டாகட்டும் என்று சொல்ல அவனுக்கு உரிமை கொடுக்கப்படவில்லை. தன் தலையைத்தான் அவன் பணயம் வைக்க வேண்டும். அப்படியிருக்க, கறியில் உப்புக் கூடியதற்கு மனைவியையும், தேங்காய் வாங்க மறந்ததற்கு மகளையும் பார்த்து அந்தச் சொல்லை வீசும் உரிமை எமக்கு எங்கிருந்து வந்தது?

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு (கி.பி. 625) உஹத் போரில் நபி (ஸல்) அவர்களின் பல் உடைந்து முகத்தில் இரத்தம் வழிந்தது. அதன் பின் ஸுபஹுத் தொழுகையின் கடைசி ரக்அத்தில் ருகூவிலிருந்து எழுந்து, எதிரிகளில் சிலரைப் பெயர் குறிப்பிட்டு லஃனத் செய்து வந்தார்கள். ஸஃப்வான் இப்னு உமைய்யா, ஸுஹைல் இப்னு அம்ர், ஹாரிஸ் இப்னு ஹிஷாம் ஆகியோரின் பெயர்கள் புஹாரியில் வருகின்றன. அப்போது ஆலஇம்ரான் அத்தியாயத்தின் 128ஆவது வசனம் இறங்கியது. இந்த விடயத்தின் அதிகாரம் உம்மிடம் இல்லை, அல்லாஹ் அவர்களை மன்னிக்கவும் கூடும், தண்டிக்கவும் கூடும் என்பது அதன் சாரம். ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின் பின் அம்மூவருமே இஸ்லாத்தைத் தழுவினார்கள். ஹிஜ்ரி 11இல் நபியவர்கள் வபாத்தாகி மக்காவாசிகளின் ஈமான் தள்ளாடியபோது, எழுந்து நின்று பேசி அவர்களை உறுதிப்படுத்தியவர் அதே ஸுஹைல் (ரழி) அவர்கள்தான். படைப்பினங்களில் சிறந்த நபிக்கே அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லப்பட்டிருக்க, நாம் எம்மாத்திரம்?

அந்தக் கேள்விக்கு விடை

அன்று வகுப்பில் முப்பது பிள்ளைகளையும் பார்த்து நான் சொன்ன விடை இதுதான். ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களில் தொழுகையின் ஷர்த்துகளை எண்ணிப் பாருங்கள். சுத்தம், நேரம், அவ்ரத்தை மறைத்தல், கிப்லாவை முன்னோக்குதல் என்று வரும். உங்களை யாரும் ஏசியிருக்கக் கூடாது என்று ஒரு ஷர்த்து எங்கும் இல்லை. உம்மாவோ வாப்பாவோ ராத்தாவோ கோபத்தில் சொன்னது ஏச்சு. கூடிப்போனால் ஒரு பத்துஆ. தீர்ப்பு அவர்களின் கையில் இல்லை. தீர்ப்புச் சொல்பவன், தாயைவிடப் பல மடங்கு இரக்கம் உடையவன்.

இன்னொன்றையும் சொன்னேன். இப்லீஸ் ஏன் தூரமாக்கப்பட்டான்? ஸுஜூது செய்யும்படி ஏவப்பட்டும் பெருமை கொண்டு மறுத்ததால். அடியான் தன் ரப்புக்கு மிக நெருக்கமாக இருப்பது ஸுஜூதிலாகும் என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. ஸுஜூதை மறுத்தவன் தூரமானான். என் ஸுஜூது ஏற்கப்படுமா என்று கலங்கிக் கேட்கும் பிள்ளை எப்படி அவனோடு சேருவாள்? அப்படிக் கேட்கும் பயமே அவளுடைய ஈமானின் அடையாளம்.

பெண்களின் நாவு மட்டுமா?

பெண்கள் அதிகம் லஃனத் செய்கிறார்கள் என்று ஹதீஸில் வந்திருக்கிறதே என எமது ஆண்கள் சிலர் இந்த இடத்தில் மீசையை முறுக்குவார்கள். ஆம், புஹாரியில் அந்த ஹதீஸ் இருக்கிறது. பெருநாள் தினத்தில் நபியவர்கள் பெண்களிடம் சென்று, ஸதகாக் கொடுக்குமாறு ஆர்வமூட்டியபோது சொன்ன அறிவுரை அது. பெருநாள் ஸதகா பற்றிய வேறு அறிவிப்புக்களில், அப்பெண்கள் தமது காதணிகளையும் மோதிரங்களையும் கழற்றி பிலால் (ரழி) அவர்களின் துணியில் போட்டதாகவும் வருகிறது. அறிவுரையைக் கேட்டுச் செயலில் இறங்கிய பெண்கள் அவர்கள்.

ஆண்களுக்கு ஒரு பெண் பாடம் படிப்பித்த வரலாறும் உண்டு. உமையா கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் (ஆட்சி ஹி. 65 முதல் 86 வரை) ஓர் இரவு எழுந்து தனது பணியாளை அழைத்தார். அவன் வரத் தாமதமானது. உடனே அவனை லஃனத் செய்தார். அன்று அங்கே விருந்தாளியாகத் தங்கியிருந்த உம்முத் தர்தா அவர்களின் காதில் அது விழுந்தது. விடிந்ததும் அவர் கலீஃபாவிடம், இரவு நீங்கள் உங்கள் பணியாளை லஃனத் செய்ததைக் கேட்டேன் என்று சொல்லி, தம் கணவர் அபூதர்தா (ரழி) அவர்களிடம் கேட்ட ஹதீஸை எடுத்துச் சொன்னார். அதிகம் லஃனத் செய்பவர்கள் கியாமத் நாளில் பரிந்துரை செய்பவர்களாகவோ சாட்சிகளாகவோ இருக்க மாட்டார்கள் என்பதே அது. முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்தச் செய்தியில், நாவு தவறியவர் நாட்டை ஆண்ட ஆண். திருத்தியவர் மார்க்கம் கற்ற பெண்.

ஒட்டகமும் பிள்ளையும்

ஒரு பிரயாணத்தில் அன்ஸாரிப் பெண் ஒருவர் தன் ஒட்டகத்தின் மீது சலிப்படைந்து அதை லஃனத் செய்தார். அதன்மீதுள்ள சாமான்களை இறக்கிவிட்டு அதை விட்டுவிடுங்கள், அது லஃனத் செய்யப்பட்டுவிட்டது என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அறிவிப்பாளர் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்கள், அந்த ஒட்டகம் மனிதர்களுக்கிடையே நடந்து திரிவதும் யாரும் அதைத் திரும்பிப் பார்க்காததும் இன்றும் தன் கண்முன்னே நிற்பதாகச் சொல்கிறார். அது ஒட்டகத்துக்குரிய தண்டனையல்ல, நாவைக் கட்டுப்படுத்தாத உரிமையாளருக்கு வைத்த பாடம் என்பது இமாம் நவவியின் விளக்கம். அந்தச் சொல்லின் வேர்ப்பொருள் அப்படியே அங்கே கால் முளைத்து நடக்கிறது. கூட்டத்தின் நடுவில் இருந்தும் தனித்துப்போன ஒட்டகம் அது.

எமது வீடுகளிலும் அப்படிச் சில பிள்ளைகள் இருக்கிறார்கள். "லானத்துப் புடிச்சவன்" என்ற பட்டத்தோடு வளரும் மகன், வீட்டுக்குள்ளேயே தூரமாகிறான். சாப்பாட்டுக்கு மட்டும் வருவான். பள்ளிவாசலுக்குக் கூப்பிட்டால் வரமாட்டான். அவனைத் தூரமாக்கியது அல்லாஹ் அல்ல. நாம்தான்.

ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இன்னொரு சம்பவத்தில், ஒட்டகத்தை லஃனத் செய்த ஓர் ஆணைக் கண்டித்த பின் நபியவர்கள் ஒரு பொதுவான எச்சரிக்கையை விடுத்தார்கள். உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உங்கள் பொருட்களுக்கும் எதிராகத் துஆக் கேட்காதீர்கள், அது துஆ ஏற்கப்படும் நேரமாக அமைந்துவிடக்கூடும் என்றார்கள். இதுவும் முஸ்லிமில் உள்ளது. லஃனத் மேலே ஏறிச் சென்று, வானத்தின் வாசல் மூடப்பட்டு, பூமிக்கு வந்து, வழி கிடைக்காமல், சொல்லப்பட்டவர் அதற்குத் தகுதியானவராக இல்லாவிட்டால் சொன்னவரிடமே திரும்பும் என்ற ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அநியாயத்துக்கு உள்ளானவரின் வாயை அடைப்பதற்காக நான் இதை எழுதவில்லை. அடி வாங்கும் மனைவி, செலவுக்குக் காசு கொடுக்காத கணவனைப் பற்றி அல்லாஹ்விடம் முறையிடலாம். பெரியவர்களிடம் சொல்லலாம். காதி நீதிமன்றத்துக்குப் போகலாம். அநியாயம் இழைக்கப்பட்டவர் அதை வெளியே சொல்வதற்கு ஸூரத்துந் நிஸாவின் 148ஆவது வசனம் அனுமதி அளிக்கிறது. அவருடைய துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் திரை இல்லை என்று நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் முறைப்பாடு வேறு, லஃனத் வேறு. எனக்கு நீதியைத் தா என்று கேட்பவள் தன் உரிமையைக் கேட்கிறாள்.

நாவைப் பழக்குவோம்

அபூபக்ர் (ரழி) அவர்கள் ஒருமுறை தம் அடிமைகளில் சிலரை லஃனத் செய்வதை நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஸித்தீக் என்ற அந்தஸ்தும் லஃனத்தும் ஓரிடத்தில் சேராது என்று கண்டித்தார்கள். அபூபக்ர் (ரழி) அவர்கள் அன்றே தம் அடிமைகளில் சிலரை விடுதலை செய்து, இனி இப்படிச் சொல்ல மாட்டேன் என்று நபியவர்களிடம் வந்து சொன்னார்கள். வெறும் வருத்தத்தோடு நிற்காமல், பாதிக்கப்பட்டவருக்கு நன்மை செய்துவிட்டு வந்தார்கள். எமது வீட்டிலும் இதைச் செய்யலாம். நாவு தவறிவிட்டதா? பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, "உம்மா கோவத்துல ஏசிட்டேன் மகள், அது அல்லாஹ்ட தீர்ப்பு இல்ல" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தான் ஏசிய அல்லது லஃனத் செய்த எந்த முஸ்லிமுக்கும் அதைப் பாவப் பரிகாரமாகவும் ரஹ்மத்தாகவும் ஆக்கிவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் கேட்டிருக்கிறார்கள். நாமும் எமது பிள்ளைகளுக்காக அப்படிக் கேட்கலாம். கோபம் வரும்போது நாவு ஏதாவது ஒரு சொல்லைத் தேடத்தான் செய்யும். அரபு நாடுகளில் தாய்மார் பிள்ளை குழப்படி செய்தால் "அல்லாஹ் யஹ்தீக்" என்று சத்தமிடுவார்கள். அல்லாஹ் உனக்கு நேர்வழி காட்டட்டும் என்பது பொருள். கோபம் அதே கோபம்தான், சத்தமும் அதே சத்தம்தான். வெளியே வருவது மட்டும் துஆவாக இருக்கும். "அல்லாஹ் ஒனக்கு ஹிதாயத்தத் தரட்டும்" என்று எமது தமிழிலும் அதே வேகத்தோடு சொல்ல முடியும். ஒரு கிழமைக்குப் பழகிப் பாருங்கள். துஆ ஏற்கப்படும் நேரம் அதுவாக அமைந்துவிட்டால், பிள்ளைக்கும் லாபம், உங்களுக்கும் லாபம்.

யா அல்லாஹ்! எமது நாவுகளை ரஹ்மத்தின் பக்கம் அழைக்கும் நாவுகளாக ஆக்குவாயாக. எமது வார்த்தைகளால் மனம் உடைந்த பிள்ளைகளின் உள்ளங்களை நீயே சேர்த்து வைப்பாயாக. ஆமீன்.